மூலைக் கடைக்காக ஒரு ஸ்கோப்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ரேஷன் கார்டில் பெயர் திருத்தக் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறேன், அதைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வேன். இப்படிப்பட்டவள் துப்பாக்கியைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் மடக்குத் துப்பாக்கிக்கு எந்த ஸ்கோப், அதாவது குறிபார்க்கிற கண்ணாடிக் குழாய், பொருந்தும், அதை எப்படி மாட்டுவது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய்யாகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிப் போகிற சாலையில் எங்கள் பக்கம் ஏழு பலூன் கடைகள். பலகையில் பலூன்களைக் குத்தி வைத்து, காற்றுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, சுடச் சொல்கிற கடை. வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றை நானும் என் நாத்தனாரும் நடத்துகிறோம். வீட்டுக்காரர் காய்கறி லாரி ஓட்டுகிறார். வாரத்தில் நாலு நாள் மலைக்குக் கீழேதான் இருப்பார். அவருடைய தங்கை இவள், என்னைவிட எட்டு வயது சிறியவள். புருஷன் வீடு ஒத்துவராமல் பதினாறு வருஷத்துக்கு முன் எங்கள் ஊர் பேத்துப்பாறைக்குத் திரும்பி வந்தாள். அப்போதிருந்து எங்களோடுதான் இருக்கிறாள்.

கடையில் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்வது நான், கூப்பிடுவது அவள். "அண்ணே, பக்கத்துல அண்ணி பாத்துக்கிட்டே இருக்காங்க, சும்மா போனா நல்லாவா இருக்கு?" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் குதிரை மேல் போகிறவர்கூட இறங்கி வருவார். நான் கூப்பிட்டால் காலடியில் படுத்திருக்கும் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

ஏழு கடைகளுக்கும் இடம் பிரித்துக்கொள்வதில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. சீசனுக்கு முன்னால், மார்ச் மாதத்தில் ஒரு காலை, சுட்டுத்தான் இடம் பிரிப்போம். முப்பது அடி தள்ளி ஒரு பலகை. அதில் ஈரக் களிமண்ணை அப்பி, மலைப்பூண்டுப் பல் பத்தை வரிசையாகக் குத்தி வைப்பார்கள். கடைக்கு ஒரு ஆள், பத்துக் குண்டு. முழங்கையை முன்பலகையில், அதாவது கடையின் முன்னால் இருக்கிற நீள மேசையில், ஊன்றிக்கொள்ளலாம். பட்டதா இல்லையா என்று வாக்குவாதமே வராது, பட்டால் பூண்டு வாசனை வரும். அதிகம் அடித்த கடைக்கு மூலை இடம். மற்றவர்கள் அடித்த எண்ணிக்கைப்படி வரிசையாக நிற்கவேண்டும்.

மூலை என்பது படகிலிருந்து இறங்கி வருகிறவர்கள் திரும்புகிற இடம். பின்னால் பெரிய மரங்கள் இருப்பதால் காற்று அடிக்காது, பலூன் ஆடாது. ஏழாவது இடம் அதற்கு நேர் எதிர். ஏரிக்காற்று முகத்தில் அறையும், பலூன்கள் ஒன்றோடொன்று உரசி ஆடும், பக்கத்திலேயே குதிரைகள் கட்டுகிற இடம். அங்கே வருவதற்குள் ஜனங்களுக்கு மற்ற ஆறு கடைகளில் சுட்டுக் கை வலித்துப் போயிருக்கும்.

ஒரு காலத்தில் நாலு வருஷம் தொடர்ந்து மூலை எங்களுடையதாக இருந்தது. சுட்டது நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நாற்பத்திமூன்று வயதில் கண் மாறியது. குழல் நுனியில் ஒரு முள், கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம், தூரத்தில் பூண்டு, இந்த மூன்றையும் ஒரு கோட்டில் நிறுத்தினால்தான் சுட முடியும். கண்ணாடி போட்டால் முள் தெரிந்தது, பூண்டு கலங்கியது. கழற்றினால் பூண்டு தெரிந்தது, முள் காணாமல் போனது. மூன்று வருஷமாக ஏழாவது இடம்.

அடுக்கம் கிராமத்திலிருந்து தினமும் பைக்கில் வருகிற கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கண்புரை எடுத்தபிறகு இதே தொல்லை. அவர்தான் போன வருஷம் எல்லோரையும் கூட்டி, நாற்பது வயது தாண்டிய கடைக்காரர்களுடைய துப்பாக்கியில் ஸ்கோப் வைத்துக்கொள்ளலாம், சுடுகிற ஆள் யாராக இருந்தாலும் சரி என்று ஒத்துக்கொள்ள வைத்தார். வைத்தார், சுட்டார், மூலையை எடுத்துக்கொண்டார். நியாயம்தான்.

பொங்கல் கழிந்த வாரம், நாத்தனார் பலூன் ஊதிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"மதினி, இந்த வருஷமும் அந்தச் சாணிக்குப் பக்கத்துலதான்னா நான் வத்தலக்குண்டுக்குப் போயிருவேன். பூ மார்க்கெட்டுல உக்காந்து கட்டிக்கிட்டுக் கெடப்பேன். காத்தோட போட்டி போட்டுக் கத்தி என் தொண்டை போயிருச்சு."

"போகட்டுமேன்னு விட்டுருவேனா?"

"விடாம என்ன செய்வீங்க? நீங்க கூப்பிடுவீங்களாக்கும்?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளோடு படித்த ஒருத்தி வத்தலக்குண்டில் அறை பார்த்து வைத்திருந்தாள். இவள் போய்விட்டால் கடையை மூடவேண்டியதுதான். கடை போனால் போகட்டும் என்றாலும், பதினாறு வருஷமாக ஒரே சட்டியில் சாப்பிட்டவள் இல்லாமல் அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது? அன்றைக்கே முடிவு செய்தேன், ஸ்கோப் வாங்குவதென்று. காசு சேர மார்ச் மாதம் ஆகிவிட்டது.

ஒவ்வொரு கடையிலும் வாடிக்கையாளர் கையில் கொடுக்காத ஒரு துப்பாக்கி இருக்கும். வீட்டுத் துப்பாக்கி என்போம். எங்களுடையது பழைய மடக்குத் துப்பாக்கி, குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றுகிற வகை. அதன் முதுகில் ஸ்கோப் மாட்டுவதற்கென்றே இரண்டு பக்கமும் கோடு போல் ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்துக்குப் பொருந்துகிற, ஸ்கோப்பைத் தாங்குகிற பிடி ஒன்றும் வாங்கவேண்டும். துப்பாக்கியைப் பஸ்ஸில் மதுரைக்குத் தூக்கிப் போக எனக்குத் தைரியமில்லை. ஒரு துணி சோப்பை எடுத்து வெந்நீர் ஆவியில் காட்டி, துப்பாக்கியின் முதுகில் அழுத்தினேன். பள்ளம் அப்படியே சோப்பில் பதிந்தது. அதை டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு, போட்டிக்கு முந்தின சனிக்கிழமை இருவரும் வெள்ளனே முதல் பஸ் ஏறினோம்.

மதுரையில் துப்பாக்கிச் சாமான் விற்கிற கடைக்காரர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலீங்களா மேடம்?"

"சாருக்கு லாரிதான் ஓட்டத் தெரியும்," என்றாள் நாத்தனார். "சுடுறது இவுங்க."

அவர் கை நீளத்துக்கு ஒன்றை எடுத்து வைத்தார். "இருபத்துநாலு மடங்கு. மொட்டை மாடியில வச்சுப் பாருங்க, நிலாவுல இருக்க பள்ளம் தெரியும்."

நான் நாத்தனார் காதில் சொன்னேன். வெளியூர்க் கடைகளில் எங்கள் வழக்கம் அது. நான் காதில் சொல்வேன், அவள் சத்தமாகக் கேட்பாள்.

"நிலாவுல எங்களுக்குச் சோலி இல்லையாம். முப்பதடியில பூண்டு தெரியுமான்னு கேக்குறாங்க."

"பூண்டா?"

"பூண்டுதாண்ணே. உரிச்சா பல்லு பல்லா வருமே."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். ஆனால் கையை நீட்டி ஸ்கோப்பை வாங்கிக்கொண்டேன். எனக்குப் பேச்சுதான் வராது, கை வரும். வாசலுக்கு வந்து, அட்டைப் பெட்டி இரண்டை அடுக்கி அதன்மேல் ஸ்கோப்பை வைத்து, பன்னிரண்டு எட்டு வைக்கிற தூரத்தில் இருந்த ஷட்டர் பூட்டைப் பார்த்தேன். பூட்டு இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பாக ஏதோ ஒன்று இருந்தது. அந்தக் கண்ணாடி தூரத்துக்குச் செய்தது, கிட்டத்தில் வேலை செய்யாது.

இரண்டாவது ஸ்கோப்பில் பூட்டு சுமாராகத் தெரிந்தது. ஸ்கோப்பைத் தொடாமல் தலையை மட்டும் மெல்ல இடமும் வலமும் ஆட்டினேன். குறுக்குக் கோடு பூட்டின் மேல் ஊர்ந்தது. கண் நகர்ந்தால் கோடு ஊர்கிறது என்றால், கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் படாவிட்டால் குண்டும் ஊரும். அதையும் வேண்டாம் என்று ஒதுக்கினேன்.

மூன்றாவதில் முன்கண்ணாடியைச் சுற்றி எண் போட்ட ஒரு வளையம் இருந்தது. அதைத் திருகினால் கிட்டத்துப் பொருளும் தெளிவாக வரும். மிகச் சிறிய எண் பத்து கஜம், அதாவது முப்பது அடி. பத்துக்குத் திருப்பினேன். பூட்டில் இருந்த துரு தெரிந்தது. தலையை ஆட்டினேன், கோடு நின்ற இடத்தில் நின்றது. இரண்டு மடங்கிலிருந்து ஏழு மடங்கு வரை மாற்றிக்கொள்ளலாம். கோடுகள் ஓரத்தில் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருந்தன. எங்கள் ஊருக்கு அதுதான் வேண்டும். பனிமூட்டத்தில் மெல்லிய கோடு கரைந்துபோகும், ஓரத்துத் தடிப்பு இருந்தால் நடு எங்கே என்று கண் தேடிக்கொள்ளும்.

"இது சின்னதாச்சே மேடம்," என்றார் கடைக்காரர். "எல்லாரும் பெருசாத்தான் கேப்பாங்க."

நாத்தனார் காதில் கடைசிக் கேள்வியைச் சொன்னேன்.

"ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலயும் உதைக்கும், முன்னாலயும் உதைக்குமாம். இது தாங்குமா, நாலு நாள்ல உள்ள கண்ணாடி கழண்டு லொடலொடன்னு ஆடுமா?"

அவர் இப்போது நாத்தனாரை விட்டுவிட்டு என்னிடமே பேசினார். "தாங்கும்மா. அந்த வகைக்குன்னே பண்ணது. நீங்க முதல்லயே இப்படிக் கேட்டிருந்தா நான் நிலாவை எறக்கியிருக்க மாட்டேன்."

பிடிக்காக டிபன் டப்பாவைத் திறந்தேன். சோப்பைப் பார்த்ததும் அவர், "என்னம்மா, குளிச்சிட்டுப் போகலாம்னு வந்தீங்களா?" என்றார். ஆனால் ஒரு அளவுகோலை எடுத்துப் பதிவை அளந்தவர், அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ஒரே துண்டாக இருக்கிற பிடி ஒன்றைக் கொடுத்தார். அதன் அடியில் ஒரு சிறு முள் உண்டு, துப்பாக்கி முதுகில் இருக்கும் துளையில் அது உட்கார்ந்துகொள்ளும். அந்த முள் இல்லாவிட்டால் ஒவ்வொரு உதைக்கும் ஸ்கோப் ஒரு மயிரிழை பின்னால் நகர்ந்து, நூறு குண்டுக்குள் கண்ணில் வந்து இடிக்கும்.

மறுநாள் பேத்துப்பாறையில், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் துப்பாக்கியை இரண்டு அரிசிப் பைகளுக்கு நடுவே படுக்க வைத்தேன். பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் ரசமட்டமும் தூக்குக்குண்டும் இரவல் வாங்கினேன். "எத்தனை மாடி கட்டுறீங்கக்கா?" என்று கேட்டபடி கொடுத்தார்.

மாட்டுவதில் அவசரம் கூடாது. பள்ளத்தில் இருந்த எண்ணெயைத் துடைத்து எடுத்தேன். எண்ணெய் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பிடி வழுக்கும். முள்ளைத் துளையில் உட்கார வைத்துப் பிடியை இறுக்கினேன். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கிற மேல் வளையங்களை மட்டும் தளர்வாக விட்டேன். பிறகு துப்பாக்கியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தை எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தேன். கண்ணைத் திறந்தால் ஓரத்தில் கறுப்பு வளையம் தெரிந்தது. ஸ்கோப்பைக் கொஞ்சம் முன்னே தள்ளினேன். மறுபடி கண்ணை மூடித் திறந்தேன். நாலாவது தடவையில் கறுப்பே இல்லாமல் முழு வட்டமும் வெளிச்சமாகத் தெரிந்தது. ஸ்கோப் இருக்கிற இடத்துக்குக் கழுத்து போகக்கூடாது. கழுத்து இருக்கிற இடத்துக்கு ஸ்கோப் வரவேண்டும்.

தூக்குக்குண்டை வாசல் நிலையில் தொங்கவிட்டேன். துப்பாக்கி சாயாமல் இருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, உள்ளே தெரிகிற நெட்டுக்கோடு தூக்குக்குண்டின் நூலோடு ஒன்றாக நிற்கும்வரை ஸ்கோப்பைத் திருகினேன். ஸ்குருக்களை மூலைக்கு மூலை மாற்றி, ஒவ்வொன்றையும் கால் சுற்றாக இறுக்கினேன். ஒரே பக்கமாக இறுக்கினால் ஸ்கோப் உருண்டு கோடு சாய்ந்துவிடும். இரண்டு விரலால் பிடித்து இறுக்குகிற அளவுக்கு மேல் போகவில்லை. பலத்தைக் காட்டினால் குழாய் நசுங்கும்.

வீட்டுக்குப் பின்னால் கேரட் பாத்திகளுக்காக வெட்டிய உயரமான மண்சுவர் இருக்கிறது. அதில் காகிதம் ஒட்டி, அரிசிப் பையின் மேல் கையை வைத்துச் சுட்டேன். முதல் மூன்று குண்டும் மேலே, வலப்பக்கமாக, ஒரே இடத்தில் பட்டன. ஒரே இடத்தில் பட்டால் போதும், பாதி வேலை முடிந்தது. ஸ்கோப்பில் குறியை நகர்த்துகிற திருகியை டிக் டிக்கென்று எண்ணித் திருப்பினேன். மதியத்துக்குள் ஐந்து குண்டும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் விழுந்தன.

"மதினி, மூலைக்குத் தார்ப்பாய் அளவெடுத்துரலாமா?" என்றாள் நாத்தனார்.

"எடு," என்றேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு.

திங்கட்கிழமை கடையில், முன்பலகையில் முழங்கை ஊன்றி, நிஜமான பூண்டுப் பல்லை வைத்துச் சுட்டேன். படவில்லை. இடப்பக்கம் ஒரு விரல் தள்ளிக் களிமண்ணில் பதிந்தது. அடுத்ததும் அங்கேயே. பத்தில் இரண்டுதான் பட்டன, அதுவும் ஓரத்தில்.

பேத்துப்பாறையிலிருந்து சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்ததில் ஸ்கோப் எங்கேயோ இடித்திருக்கும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினேன். காகிதத்தில் மறுபடி பொத்தானுக்குள் விழுந்தது. செவ்வாய்க்கிழமை கடையில் மறுபடி ஒரு விரல் இடப்பக்கம். பிடியின் முள்ளைப் பார்த்தேன், வளையத்தைப் பார்த்தேன், ஸ்பிரிங்கைக்கூடப் பார்த்தேன். திருகியை வலப்பக்கம் திருப்பினால் மூன்று குண்டு சரியாகப் போகும், நாலாவது வலப்பக்கம் ஓடும். போட்டி வியாழக்கிழமை.

அடுக்கத்துக்காரர் டீ டம்ளரோடு வந்து நின்றார். "என்ன தங்கச்சி, களிமண்ணுக்குக் காது குத்துறியா?"

"உங்களுக்குக் குத்தத்தான் பழகுறாங்க," என்றாள் நாத்தனார்.

புதன்கிழமை காலை நான் ஏழாவது குண்டையும் தவறவிட்டபோது அவள் கையை நீட்டினாள்.

"எங்கிட்டத்தான் குடுங்களேன். அந்தக் குழாய்க்குள்ள என்னதான் தெரியுதுன்னு பாக்குறேன்."

இங்கே ஒன்று சொல்லவேண்டும். பதினாறு வருஷத்தில் அவள் எங்கள் கடைத் துப்பாக்கியால் சுட்டதே இல்லை. வந்த புதிதில் ஒருநாள் முயன்றாள். "முள்ளப் பாக்கவா, பள்ளத்தப் பாக்கவா, பலூனப் பாக்கவா? மூணு கண்ணு வேணும் இதுக்கு," என்று வைத்துவிட்டாள். ஒரு கண்ணை மட்டும் மூடவும் அவளுக்கு வராது. இப்போதும் வரவில்லை. தலையில் இருந்த கம்பளிக் குல்லாவை இடது கண் மறைகிற மாதிரி சாய்த்து இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பலகை மேல நேரா வைக்காத, துள்ளும்," என்றேன். "இடது உள்ளங்கைய மெத்தை மாதிரி குடு. கெட்டியாப் பிடிக்காத."

"கோட்ட எங்க வைக்கணும்?"

"பூண்டு மேலதான். வேற எங்க வைப்ப?"

சுட்டாள். பூண்டு வாசனை வந்தது.

"தானா விழுந்துச்சா மதினி?"

"இன்னொண்ணு சுடு."

மறுபடி வாசனை. மூன்றாவதும் சிதறியது. துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஸ்கோப் சரியாக இருக்கிறது, நான் மாட்டியதும் சரியாக இருக்கிறது.

"நீங்க சுடுங்க, நான் பின்னால நின்னு பாக்குறேன்," என்றாள். சுட்டேன். "மதினி, கோவிச்சுக்காதீங்க. சுடுற நேரத்துல குழல் இடது பக்கமா ஒரு நூல் போகுது. நீங்கதான் தள்ளுறீங்க."

அப்போதுதான் புரிந்தது. கடைத் துப்பாக்கிகளில் நேராகப் போகிறது ஒன்றுகூட இல்லை. நாங்கள் வேண்டுமென்றே வளைத்து வைக்கிறோம் என்று சுற்றுலா வருகிறவர்கள் சொல்வார்கள். அது அபாண்டம். அவர்கள் சாய்ந்து நின்று மடக்கி மடக்கி வளைகிறது, நாங்கள் நிமிர்த்துவதில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் வலப்பக்கம் போகும். யாராவது, "இதுல அடிக்கவே முடியாது, நீங்க அடிச்சுக் காட்டுங்க," என்று கேட்டால் நான் வாங்கி, ஒரு விரல் இடப்பக்கம் விட்டு, பலூனை உடைத்துக் காட்டுவேன். ஒருநாளைக்கு இருபது தடவை, இருபது வருஷம். அந்த முன்பலகையில் முழங்கை பட்டதுமே என் கை தானாக அளவு விட ஆரம்பித்துவிடுகிறது. வீட்டில் அரிசிப் பையின் மேல் வைத்தபோது கைக்கு அந்த ஞாபகம் வரவில்லை. அதனால்தான் காகிதத்தில் பொத்தானுக்குள் விழுந்தது. நினைவு வைத்துக்கொண்டு தள்ளாமல் சுட்டால் குண்டு சரியாகப் போகும், ஒரு கணம் நினைவு தப்பினால் இடப்பக்கம் போகும். அந்தத் தள்ளலுக்கு ஏற்றபடி எந்தத் திருகியைத் திருப்புவது?

இருபது வருஷத்துப் பழக்கத்தை ஒரு நாளில் கழற்ற முடியாது. இவளுக்கோ கழற்ற எதுவுமே இல்லை.

"நாளைக்கு நீ சுடு புள்ள," என்றேன்.

"விளையாடாதீங்க."

"உன் கழுத்துக்கு ஸ்கோப்ப மாத்தி வைக்கிறேன். வா, உக்காரு."

"மதினி, நான் கோட்டை விட்டா?"

"நான் சுட்டா கட்டாயம் கோட்டை விடுவேன். நீ சுட்டா ஒருவேளைதான்."

துப்பாக்கியைக் கொடுத்தபோது கொஞ்சம் வலித்தது. ஆனால் ஸ்குரு இறுக்குகிற அலன் கீயைக் கையில் எடுத்ததும் வலி மறந்துபோனது. அவளுக்குக் கழுத்து குட்டை, கன்னம் எனக்குப் படுகிற இடத்துக்கு முன்னாலேயே படுகிறது. கண்ணை மூடச் சொன்னேன், திறக்கச் சொன்னேன். ஸ்கோப்பை அரை அங்குலம் முன்னால் தள்ளவேண்டியிருந்தது. ரசமட்டமும் தூக்குக்குண்டும் பேத்துப்பாறையில் இருந்தன. தண்ணீர் பாட்டிலைப் பாதி நிரப்பிப் படுக்க வைத்து மட்டம் பார்த்தேன். பலூன் கட்டுகிற நூலில் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினேன். மதியத்துக்குள் முடித்துவிட்டேன். சாயங்காலம் வரை அவள் முன்பலகையிலேயே சுட்டுப் பழகினாள். கடையைச் சாத்தும்போது கீழே கிடந்த பூண்டுத் துணுக்குகள் ஒரு ரசத்துக்குப் போதும்.

"பனி வந்தா பயப்படாத," என்று சொல்லிவைத்தேன். "ஏழு மடங்குல வச்சா வெறும் வெள்ளையாத் தெரியும். மூணுக்குக் கொண்டா. பூண்டு சின்னதாத் தெரியும், ஆனா தெரியும்."

வியாழக்கிழமை காலை பனி இறங்கத்தான் செய்தது. ஏரி இருந்த இடத்தில் ஏரி இல்லை. பனி விலகட்டும் என்று காத்திருப்பது எங்கள் வழக்கத்தில் கிடையாது. சீசனிலும் பனியில்தானே கடை நடத்துகிறோம்.

இன்னொரு வழக்கம், யார் சுடப்போகிறார்கள் என்பதைக் கடைக்காரர் தன் வாயால் எல்லோர் முன்னிலும் சொல்லவேண்டும். எங்கள் கடை என் பெயரில் இருக்கிறது. பதினைந்து பேர் நின்றார்கள். நாத்தனார் என் பக்கத்தில் நின்றாலும் இந்தத் தடவை காதில் சொல்லிப் பயனில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை தலையைத் தூக்கிச் சொன்னேன்.

"எங்க கடைக்கு என் நாத்தனா சுடுவா."

எல்லோரும் சிரித்தார்கள். "ஏலே, பலூன் ஊதுற புள்ளையா?" என்று அடுக்கத்துக்காரர் பக்கத்துக் கடைக்காரரிடம் சத்தமாகவே கேட்டார். "தங்கச்சி, உனக்குக் கை நடுங்குதா?"

"இல்லண்ணே," என்றேன். "எனக்குப் பழக்கம் ஜாஸ்தி ஆயிருச்சு."

அவர்தான் முதலில் சுட்டார். அவருடைய ஸ்கோப் பெரியது, பதினாறு மடங்கு. வெயில் நாளில் அதில் பூண்டின் தோல்கூடத் தெரியுமாம். அன்று அவர் கண்ணை எடுப்பதும் துடைப்பதும் மறுபடி வைப்பதுமாக இருந்தார். ஆனாலும் கைகாரர், ஏழு அடித்தார். அவருக்குப் பின் வந்த ஐந்து பேரும் அதைத் தாண்டவில்லை.

நாத்தனார் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்கையை ஊன்றினாள். மடங்கு வளையத்தை அவளே மூன்றுக்குத் திருப்பியதைப் பார்த்தேன். முதல் குண்டு, வாசனை. இரண்டாவது, வாசனை. மூன்றாவது தவறியது. மூச்சுக்காற்று கண்ணாடியில் படிந்துவிட்டது என்று சொன்னாள். குல்லா நுனியால் துடைத்துக்கொண்டாள்.

"வெரசா சுடு புள்ள, டீ ஆறுது," என்றார் அடுக்கத்துக்காரர்.

"நீங்க குடிங்கண்ணே. மூலையில நின்னு குடிக்கிற கடைசி டீ, ருசிச்சுக் குடிங்க," என்றாள் அவள், ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். எல்லோரும் சிரிக்கும்போதே நாலாவது சிதறியது.

நான் பலகையைப் பார்க்கவில்லை. குழலின் நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எந்தப் பக்கமும் நகரவில்லை. ஒவ்வொரு தடவையும் உதைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றது, ஸ்கோப்பும் அதோடு வந்து நின்றது. ஏழாவது தாண்டியபோது அடுக்கத்துக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். எட்டாவது பல்லில் பாதி மட்டும் பறந்தது. பாதி பறந்தாலும் கணக்கில் சேரும். ஒன்பதும் பத்தும் சிதறின.

ஒன்பது. மூலை எங்களுக்கு.

அடுக்கத்துக்காரர் எங்கள் துப்பாக்கியை வாங்கி, ஸ்கோப்பை முன்னும் பின்னும் பார்த்தார், ஸ்குருவை விரலால் தடவினார். "இவ்வளவு சின்னதா வாங்கியிருக்கியே," என்றார். பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு, "என்னோடதையும் ஒரு நாள் பாத்துச் சொல்லு தங்கச்சி," என்றார். சரி என்றேன். அதை யார் காதிலும் சொல்லாமல் அவரிடமே நேராகச் சொன்னேன்.

நாத்தனார் வத்தலக்குண்டு சிநேகிதிக்குப் போன் போட்டாள். "அறைய வேற ஆளுக்குக் குடுத்துரு. எனக்கு இங்க சோலி இருக்கு," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மதினி, இனிமே சுட்டுக் காட்டச் சொன்னா யாரு சுடுறது?" என்று கேட்டாள்.

"வளைஞ்சதுக்கு நான், நேரா இருக்கதுக்கு நீ," என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடையை மூலைக்கு மாற்றினோம். மரவேர் இடித்ததால் முன்பலகையின் ஒரு காலை மூன்று அங்குலம் அறுக்கவேண்டியிருந்தது. பதினொரு மணிக்கு மழை பிடித்தது. இரண்டு மணிவரை பார்த்துவிட்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம்.